அண்ணன் வயலில் நட்ட கல்

திபோர் தியாவ் கால்நடைத் துறை அமைச்சரான இரண்டாவது மழைக்காலத்தில், அவள் பிறந்த தியாரிக் ஊரில் மண்டை உடைந்தது.

தலைநகர் டக்கரில், வெளிநாட்டுப் பால்பொடியைப் பற்றி யாரோ நீட்டி முழக்கிக்கொண்டிருந்த கூட்டத்தில்தான் அவளுக்குச் செய்தி வந்தது. அந்த வருடம் மழை முந்திக்கொண்டுவிட்டது. கம்பு விரல் உயரம் முளைத்துவிட்டது. வடக்கே மேய்ச்சல் காட்டுக்குப் போக வேண்டிய ஃபுலானி இடையர்களின் மந்தைகளோ அப்போதுதான் கிளம்பியிருந்தன. மாடு போக ஒரு பழைய பாதை உண்டு. ஆனால் வருடா வருடம் ஆளுக்கு இரண்டு சால் என்று உழவர்கள் அதை உழுதுகொண்டே வந்ததில், தியாரிக்கை நெருங்கும்போது பாதை என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. மந்தை இளம்பயிரில் இறங்கியது. ஊர் மண்வெட்டியும் வெட்டுக்கத்தியுமாக ஓடிவந்தது. இரண்டு பசுக்களுக்குக் கால் நரம்பு அறுபட்டது. ஒரு உழவனுக்குக் கை முறிந்தது. மந்தைக்காரன் யேரோ காவுக்கு மண்டை பிளந்தது.

யேரோ பெயரைக் கேட்டதும் திபோர் எழுந்துவிட்டாள். பேசிக்கொண்டிருந்தவர் பாதி வாக்கியத்தில் நின்றார். அவள் மன்னிப்புக் கேட்கக்கூட நிற்காமல் காரில் ஏறினாள்.

அமைச்சராவதற்கும், அதற்கு முன்னால் நாடாளுமன்ற உறுப்பினராவதற்கும் முன்பு, அவள் அந்தச் சீமையில் கால்நடை மருத்துவர். மோட்டார் சைக்கிளில் மணல் பாதைகளில் அலைந்து, வருடக்கணக்கில் மாட்டுக்கு ஊசி போட்டவள். கட்சிக்காரர்கள் அவளைத் தேடிவந்து தேர்தலில் நிறுத்தியதே அதனால்தான். எந்த ஊரில் போய் அவள் பெயரைச் சொன்னாலும், "நம்ம மாட்டு டாக்டரம்மாவா?" என்றார்கள். அவள் முதன்முதலில் ஊசி போட்டது யேரோவின் மந்தைக்கு. அவள் செரேர் இனம், உழவர் வீட்டுப் பெண், அவன் ஃபுலானி. இரண்டு இனத்துக்கும் கேலி முறை. எதிரே பார்த்தால் 'என் அடிமை' என்று வம்புக்கு இழுக்கலாம், தின்னிமாடு என்று ஏசலாம். கோபித்துக்கொள்ளத்தான் கூடாது. அந்த முறையை யேரோ ஒரு நாளும் வீணாக்கியதில்லை.

தியாரிக் பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு பக்கம் உழவர்கள், மறுபக்கம் மந்தைக்காரர்கள். நடுவில் காவலர்கள் வெயிலில் வியர்த்துக்கொண்டு நின்றார்கள். திபோர் காரிலிருந்து இறங்கினாள். மந்தைக்காரர்கள் கூட்டத்திலிருந்து, தலையில் பெரிய கட்டோடு ஒல்லியான ஒரு ஆள் எழுந்தான்.

"அடி என் அடிமையே! எசமான் மண்டை உடைஞ்சு கெடக்கான், நீ இப்பத்தான் ஆடி அசைஞ்சு வர்ற!"

அமைச்சரை இப்படிப் பேசலாமா என்று காவலர் ஒருவர் முன்னே வந்தார். திபோர் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"அதான் பாக்கறேன்," என்றாள் அவள். "மண்டை உடைஞ்சும் உள்ள இருந்து ஒண்ணும் கொட்டலியே. இருந்தாத்தானே கொட்டும்!"

முதலில் உழவர் பக்கத்தில் ஒருவன் சிரித்தான். அப்புறம் மந்தைக்காரர்கள். கை முறிந்தவன்கூடச் சிரித்துவிட்டு, வலியில் முகத்தைச் சுளித்தான். யேரோ திருப்தியாக உட்கார்ந்தான். அதற்குப் பிறகுதான் பேச முடிந்தது.

பேச்சில் ஒன்றும் தேறவில்லை. பாதை இருந்தது என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். தன் வயலில் இருந்தது என்பதை மட்டும் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. "சரி, நடந்து பாத்துடுவோம்," என்று சொல்லி திபோர் செருப்பை மாற்றிக்கொண்டாள்.

கிணற்றடியிலிருந்து கிளம்பினார்கள். அங்கே பாதை விரிந்துதான் கிடந்தது. பெரிய மந்தையே பரவிக்கொண்டு போகலாம். அரைமணி நடப்பதற்குள் அது வண்டிப் பாதையானது. பிறகு இரண்டு மாடு உரசிக்கொண்டு போகும் சந்தானது. தியாரிக் வளைவுக்கு வந்தபோது சந்தும் முடிந்து, எதிரே பச்சைப்பசேல் என்று ஒரு நிலக்கடலை வயல் குறுக்கே படுத்திருந்தது. களை ஒன்றுகூட இல்லாத, சீவிவிட்ட தலை மாதிரியான வயல்.

"இது யாரோடது?" என்று கேட்டார் கூட வந்த அதிகாரி.

உழவர்கள் வானத்தைப் பார்த்தார்கள். வாய் மூடாத யேரோகூடத் தலைக்கட்டைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினான்.

"எங்க அண்ணனோடது," என்றாள் திபோர்.

வாலி தியாவ் தன் காலத்தில் பெரிய மல்யுத்த வீரன். மத்தளம் அதிர அவன் களத்தில் இறங்கினால் பக்கத்து ஊர்க்காரர்கள் பந்தயம் கட்ட மாட்டார்கள். முதுகு மண்ணில் படாமல் எட்டு வருடம் ஆடியவன். பரிசாக வந்த காளைகளை விற்றுத்தான் தங்கையை டக்கருக்குப் படிக்க அனுப்பினான். இப்போது முழங்கால் தேய்ந்து, வயிறு முன்னே வந்துவிட்டது. வீம்பு மட்டும் தேயவில்லை.

அன்று மத்தியானம் அவன் வீட்டு முற்றத்தில், வேகவைத்த கம்பு மாவும் கடலைக் குழம்பும் இருந்த பெரிய கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்தார்கள். அண்ணி மொசான் கறித்துண்டுகளைத் திபோரின் பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருந்தாள். வாலி பாதி சாப்பிட்ட பிறகு கையை நிறுத்தினான்.

"வயலைப் பாத்தியாமே."

"பாத்தேண்ணே."

"நல்லா வந்திருக்கில்ல?"

"ரொம்ப நல்லா வந்திருக்கு. பாதை மேல வந்திருக்கு."

வாலி கையைக் கழுவினான். "எவன் உழல? ஊர்ல எவன் உழல, சொல்லு. ஆளாளுக்கு உழுதான், நானும் உழுதேன். அவனவன் விடட்டும், நான் விடறேன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. 'வாலி விடட்டும், அப்புறம் பாக்கலாம்'ங்கறாங்க. நீ அமைச்சரோட அண்ணன். உன்ன விட்டுட்டு நான் எவன் வயல்ல போய்க் கல்லு நட முடியும்?"

"அப்ப அமைச்சருக்கு அண்ணனா இருக்கறதுக்கு இதான் லாபமா?" வாலியின் குரல் உயர்ந்தது. "அடுத்தவன் அண்ணனுக்கெல்லாம் தங்கச்சி அமைச்சரானா வேலை கெடைக்குது, காரு கெடைக்குது. எனக்கு என் வயலு போகுது! மொசான், கேட்டியா கூத்த?"

"நான் கேக்கல, நீங்களே கத்திக்கோங்க," என்று மொசான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

"இந்த வருஷ அறுப்ப முடிச்சுக்கோ. ஒரு காயையும் தொட மாட்டேன். இப்ப மந்தைங்கள உப்பளம் சுத்தி அனுப்பறேன், காவலோட. அறுப்பு முடிஞ்சதும் கல்லு நடணும்ணே."

"என் காளைய வித்துப் படிச்ச கை," என்றான் வாலி, அவள் கையைப் பார்த்து. பிறகு எழுந்து உள்ளே போய்விட்டான்.

டக்கருக்குத் திரும்பியதும் மத்தார் சில்லா வந்து சேர்ந்தார். அந்த மாவட்டத்தில் கட்சியை நடத்துகிறவர். வாசனைத் திரவியம் முதலில் அறைக்குள் வரும், அவர் பின்னால் வருவார்.

"அமைச்சரம்மா, உங்க மனசு தங்கம். எனக்குத் தெரியாதா? ஆனா அடுத்த வருஷம் தேர்தல். உழவன் ஓட்டுப் போடறவன். மாட்டுக்காரன் இன்னைக்கு இங்க, நாளைக்கு எங்கயோ. ஓட்டில்லாதவனுக்கு எதுக்கு ரோடு? தேர்தல் முடியட்டும், கல்லு என்ன, மலையையே நடுவோம்."

"தேர்தலுக்கும் மழைக்கும் நடுவுல எவ்வளவு நாள் இருக்கு, சில்லா?"

"இருக்கும், ரெண்டு மூணு மாசம்."

"அதுக்குள்ள நீங்க அடுத்த தேர்தலப் பத்திப் பேச ஆரம்பிச்சிருவீங்க. மறுபடி மழை வரும், மறுபடி மண்டை உடையும். இந்தத் தடவை யேரோவுக்குத் தையல் போட்டாங்க. அடுத்த தடவை புதைக்க வேண்டியிருக்கும்."

மத்தார் சில்லா சிரித்தபடியே எழுந்தார். அவர் கோபத்தில் மட்டும்தான் அப்படிச் சிரிப்பார் என்று திபோருக்குத் தெரியும்.

கடலை பிடுங்கி, கம்பு அறுத்து, மந்தைகள் தெற்கே திரும்பி, அறுத்த தாளில் மேயத் தொடங்கிய சமயத்தில் லாரி வந்தது. சுண்ணாம்பு அடித்த சிமெண்டுக் கற்கள். முதல் குழியை வாலியின் வயலில் தோண்டினார்கள். சுற்றிலும் ஏழெட்டு ஊர் ஜனம். மரங்களிலும் ஆட்கள். இடுப்பளவு குழி தோண்டி முடித்ததும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாலி வந்தான். குழிக்குள் இறங்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"என்னையும் சேத்து மூடுங்க," என்றான்.

காவலர்கள் திபோரைப் பார்த்தார்கள். முன்னாள் மல்யுத்த வீரனைக் குழியிலிருந்து தூக்க எத்தனை பேர் வேண்டுமென்று அவர்கள் கணக்குப் போடுவது முகத்திலேயே தெரிந்தது. திபோர் நீல அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானும் குழிக்குள் இறங்கினாள். இரண்டு பேருக்கு இடம் போதவில்லை. அண்ணனின் தோளில் தோள் இடிக்க உட்கார்ந்தாள்.

"மேல போ," என்றான் வாலி பல்லைக் கடித்துக்கொண்டு. "ஊரே பாக்குது."

"நீ வந்தா நானும் வர்றேன்."

"அங்கி அழுக்காகுது."

"ஆகட்டும்."

வெயில் ஏறியது. யாரோ குழி விளிம்பிலிருந்து தண்ணீர்க் குடுவையை நீட்டினார்கள். திபோர் குடித்துவிட்டு அண்ணனிடம் நீட்டினாள், அவன் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, யாரும் பார்க்காத மாதிரி வாங்கிக் குடித்தான். மேலே கூட்டத்தில் முதலில் சிரிப்பு இருந்தது. போகப்போக அது அடங்கிவிட்டது. ஒரு அமைச்சர், தன் வயதான அண்ணனோடு குழிக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க ஜனங்களுக்கு ஏதோ கூச்சமாக இருந்தது.

"அண்ணே," என்றாள் திபோர் மெதுவாக. "உன் மாடு ஒன்பதும் யேரோ மந்தையோட சேந்து இந்த வழியாத்தானே மேயப் போகுது?"

"போகுது. அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. கேட்டேன்."

வாலி குழியின் விளிம்பைக் கையால் பற்றினான். பிறகு முழங்கால் முனகக் குழியை விட்டு ஏறினான். திரும்பிக் கையை நீட்டி, தங்கையையும் ஒரே இழுப்பில் மேலே தூக்கினான். அவள் அங்கியில் ஒட்டிய மண்ணைத் தட்டக் கை போனது, பாதியில் நின்றது.

"நட்டுக்கோ," என்றான். "இனிமே உனக்கு அண்ணன்னு ஒருத்தன் இல்ல."

திபோர் கல்லை நட்டாள். அமைச்சரே தன் அண்ணன் வயலில் நட்ட பிறகு, மற்ற வயல்காரர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. கிணற்றடியிலிருந்து மாவட்ட எல்லை வரை கோடைக்குள் கற்கள் வரிசையாக எழுந்தன. முணுமுணுத்தார்கள், சபித்தார்கள், ஆனால் விட்டார்கள்.

தேர்தல் வந்தது. வாலி எதிர்க்கட்சி மேடையில் ஏறினான். மல்யுத்த மத்தளக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனான். பழைய வீரனைப் பார்க்கக் கூட்டம் கூடியது. அவன் மேடைப்பேச்சு நீளம் இல்லை.

"என் தங்கச்சிய எனக்குப் பொறந்ததுலேர்ந்து தெரியும். பொய் சொல்ல மாட்டா. திருட மாட்டா. செய்யறேன்னு சொன்னா செஞ்சே தீருவா. அதான் ஆபத்து! அதனால சொல்றேன், ஓட்டுப் போடாதீங்க!"

ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அவன் சொன்னபடியே செய்தார்கள். திபோர் தோற்றாள். பதவி போயிற்று. கொடி கட்டிய கார் போயிற்று. கடலோரத்து அரசாங்க வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது. முன்பெல்லாம் வரவேற்பறையில் உட்கார இடம் கிடைக்காது. இப்போது நாற்காலிகள் சும்மா கிடந்தன. மத்தார் சில்லா மாதம் முடிவதற்குள் ஜெயித்த கட்சிக்குப் போய்விட்டார்.

பெட்டி கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில் வாசலில் சத்தம் கேட்டது. யேரோ. தோளில் சுரைக்குடுக்கை நிறையத் தயிர், கக்கத்தில் ஒரு உயிர்க்கோழி.

"அடிமைய வீட்ட விட்டுத் தொரத்திட்டாங்களாமே. எசமான் வந்து பாக்க வேண்டாமா?"

திபோருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "நான் அமைச்சரா இருந்தப்ப ஒரு தடவகூட வரலையே நீ."

"வந்தேன். ரெண்டு தடவை வந்தேன். வாசல்ல நின்னவன் கோழிய மட்டும் வாங்கிக்கிட்டு என்னய அனுப்பிட்டான்." அவன் தரையிலேயே உட்கார்ந்து தயிரை ஊற்றினான். "சில்லா அந்தப் பக்கம் தாவிட்டானாமே? எங்க மாடுகூட வருஷத்துக்கு ஒரு தடவைதான் மேய்ச்சல் மாறும். இவன் புல்லு வாசன வந்தாலே கெளம்பிடறான்."

தயிரில் கம்பு மாவைக் கலந்து குடித்தார்கள். பிறகு யேரோ கேலியை விட்டுவிட்டுப் பேசினான்.

"எனக்கு வெக்கமா இருக்கு, திபோர். எங்களுக்காக நீ தோத்தே. எங்கள்ல ஒருத்தன்கூட உனக்கு ஓட்டுப் போடல."

"ஏன் போடல?"

"ஓட்டு அட்டை இருந்தாத்தானே? உங்க ஆளுங்க பேரு எழுத வர்றது மழைக்காலத்துல. அப்ப நாங்க வடக்க காட்டுல இருக்கோம். ஊர்ல நாங்க இல்லாதப்பத்தான் அரசாங்கம் எங்களத் தேடி வருது. எங்கப்பன் காலத்துலேர்ந்து இப்படித்தான்."

திபோர் குடித்துக்கொண்டிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். இத்தனை வருடம் அந்த மந்தைகளோடு பழகியும், நாடாளுமன்றத்தில் உட்கார்ந்தும், இந்தக் கேள்வியை அவள் யாரிடமும் கேட்டதில்லை. அதை நினைத்து வருந்திக்கொண்டிருக்க அவள் அன்று இடம் கொடுக்கவில்லை.

"வடக்க எந்தக் கிணத்துல தங்குவீங்க?" என்று கேட்டாள்.

அவள் தன் மாவட்டத்து ஃபாதிக் நகரத்துக்குத் திரும்பினாள். கடைத்தெருவில் ஒரு அறை எடுத்து மறுபடியும் மாட்டு டாக்டரானாள். பழைய மோட்டார் சைக்கிள் மாதிரியே ஒன்றை வாங்கினாள். முன்னாள் அமைச்சர் பசுவின் பின்பக்கம் தோள் வரை கையை விட்டுக் கன்றை இழுப்பதைப் பார்க்கவே சிலர் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பார்த்துவிட்டுப் போனவர்கள் மறுபடி உண்மையான காரணத்துக்காகவும் வந்தார்கள். மழைக்காலத்தில் மந்தைகளோடு அவளும் வடக்கே போனாள். ஊசி போட்டுக்கொண்டே தேர்தல் அலுவலர்களுக்கு விடாமல் தொந்தரவு கொடுத்தாள். பழைய பழக்கத்தில் சிலர் உதவினார்கள். இரண்டாவது மழைக்காலத்தில், வடக்கே கிணற்றடிகளில் மேசை போட்டு ஃபுலானிகளின் பெயரை எழுதும் வேலை தொடங்கியது. படம் எடுக்கும்போது யேரோ தொப்பியைக் கழற்ற மாட்டேன் என்று ஒரு மணிநேரம் சண்டை போட்டான்.

அண்ணன் மட்டும் பேசவில்லை. சந்தையில் எதிரே வந்தால் வேறு கடைக்குள் நுழைந்துவிடுவான். மொசான் வருவாள். கடலை, கம்பு மாவு, காய்ந்த மீன் கொண்டுவருவாள்.

"அவரு கொடுத்துவிட்டாரா, மதினி?"

"அவரா? அவருக்குத் தெரிஞ்சா என்னத் தொலைச்சுப்புடுவாரு," என்பாள் மொசான். ஆனால் கடலை எல்லாம் பொறுக்கி எடுத்த பெரிய கடலையாக இருக்கும். அப்படி உட்கார்ந்து பொறுக்கும் பொறுமை மொசானுக்குக் கிடையாது என்று திபோருக்குத் தெரியும். கேட்காமல் விட்டுவிடுவாள்.

மூன்றாவது வருடம், மழைக்கு முன்னால், மொசான் ஒரு காலையில் குதிரை வண்டியில் மூச்சிரைக்க வந்து இறங்கினாள்.

"திபோரு, ஓடு! அங்க உங்கண்ணன் கோடாலியோட நிக்கிறாரு. சில்லாவோட ஆளுங்க வந்திருக்காங்க, கல்லப் பிடுங்க!"

திபோர் மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினாள். வழியெல்லாம் மனம் ஒன்றைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. சில்லா பாதையை யாருக்கோ கொடுத்துவிட்டார். அண்ணன் தன் நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள முதல் ஆளாகப் போயிருக்கிறான். கோடாலி எதற்கு? கல்லை உடைக்கத்தான்.

தியாரிக் வளைவில் ஒரு டிராக்டர் நின்றது. பக்கத்தில் சில்லாவின் மைத்துனன் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றான். தர்பூசணி போடப்போகிறானாம், டக்கர் சந்தைக்கு. கையில் ஏதோ அனுமதிக் காகிதம். அவனுக்கும் கல்லுக்கும் நடுவில் வாலி. கோடாலியைத் தரையில் ஊன்றி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றான். வயிறு, முழங்கால், எல்லாவற்றையும் மீறி அவன் களத்தில் நிற்கும் நிலை அது.

"தம்பி," என்று சொல்லிக்கொண்டிருந்தான் வாலி, "இந்த மண்ணு யாரோடதுன்னு தெரியுமா?"

"பொது நிலம், பெரியவரே. இப்ப எனக்குக் கொடுத்திருக்காங்க."

"என்னோடது! என்னோடதா இருந்துச்சு! இந்தச் சீமையிலயே நல்ல கடலை வெளைஞ்ச மண்ணு. என் கூடப் பொறந்தவ, ஊரப் பாக்க வச்சு, என் கண்ணு முன்னால கல்ல நட்டு எடுத்துக்கிட்டா. நான் விட்டேன். மாட்டுக்காக விட்டேன். உன் தர்பூசணிக்காக விடல! நான் உழாத மண்ண எவனும் உழக் கூடாது. என் பேரன் உழக் கூடாது, அதிபரே வந்தாலும் உழக் கூடாது. டிராக்டரத் திருப்பு!"

திபோர் வண்டியை நிறுத்தியதுகூட யாருக்கும் தெரியவில்லை. ஊரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். எல்லோரும் ஆளுக்கு ஒரு துண்டு நிலத்தை விட்டவர்கள். அவர்களில் ஒருவன், அன்று கை முறிந்தவன், கல்லுக்கு அந்தப் பக்கம் போய் நின்றான்.

"நானும் விட்டேன்," என்றான். "எனக்கு இல்லாதது இவனுக்கு எதுக்கு?"

"நானும்தான்!" என்றது இன்னொரு குரல். "எங்கம்மா வயல்ல பாதி போச்சு!"

எல்லோருக்கும் இதே கோபம்தான். மூன்று வருடமாக திபோரின் மேல் இருந்த அந்தக் கோபம் இப்போது டிராக்டர் பக்கம் திரும்பியது. மைத்துனன் காகிதத்தை ஆட்டிப் பார்த்தான். தொலைபேசியில் பேசிப் பார்த்தான். டிராக்டர்காரன் தியாரிக் பக்கத்து ஊர்க்காரன். அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, "எனக்குத் தலைய வலிக்குது, நான் வீட்டுக்குப் போறேன்," என்று இறங்கி நடந்தே போய்விட்டான். அதோடு தர்பூசணிப் பேச்சு முடிந்தது.

கூட்டம் கலைந்த பிறகுதான் வாலி தங்கையைப் பார்த்தான். உடனே முகத்தை இறுக்கிக்கொண்டான்.

"உனக்காக இல்ல," என்றான்.

"நான் கேக்கவே இல்லியேண்ணே."

"கேக்கப் போறே. அதான் முன்னாடியே சொல்றேன்."

திபோர் கல்லின் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்தாள். வாலி கொஞ்ச நேரம் நின்று பார்த்தான். முழங்கால் கேட்கவில்லை. அவனும் உட்கார்ந்தான்.

"இந்த மூணு வருஷமும் கம்பு நல்லாத்தான் வெளையுது," என்றான், யாரிடமோ குற்றம் சொல்கிற குரலில். "மந்தை வந்து தாளுல தங்குது, சாணி போடுது. பக்கத்து வயலெல்லாம் எரு. என் மாடும் கொழுத்து வருது. நாலு கன்னு போட்டிருக்கு. அந்த ஃபுலானிப் பய வந்து அதுக்கும் என்கிட்ட பெருமை பேசறான், அவன் போட்ட கன்னு மாதிரி."

"சந்தோஷம்ண்ணே."

"என்ன சந்தோஷம்? கடலை வயலு போனது போனதுதான்." அவன் மண்ணை ஒரு பிடி அள்ளி, விரல் இடுக்கில் ஒழுக விட்டான். "மேடையில ஏறி உன்னப் பேசினேன்ல. எல்லாரும் சிரிச்சாங்க. வீட்டுக்குப் போனா மொசான் சோறு போடல. ஒரு வாரம். நீ மூணு வருஷமா என்ன நெனச்சுக்கிட்டிருந்தே?"

"தேர்தல்ல யாரு ஓட்டு கேட்டாலும் உன்ன மாதிரி கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். நீ என்னப் பத்திச் சொன்னதுல ஒரு வார்த்த தப்பில்ல."

வாலி அவளை ஓரக்கண்ணால் பார்த்தான். சிரிப்பு வந்துவிடாமல் இருக்க மீசையை இழுத்துவிட்டுக்கொண்டான். "வா, சாப்பிட்டுட்டுப் போ. மொசான் வந்ததும் ஆட்டுக்கறி வைப்பா. இல்லேன்னா அதுக்கும் ஒரு வாரம் பட்டினி போடுவா."

அந்த வருடமே ஊர்கள் சேர்ந்து பாதைக்கு ஒரு குழு அமைத்தன. உழவர் பாதி, ஃபுலானி பாதி. தலைவர் யார் என்ற பேச்சு வந்தபோது, ஒருவரும் தயங்காமல் வாலியைச் சொன்னார்கள். யேரோதான் முதலில் கையைத் தூக்கினான். பதவி வந்ததும் வாலிக்குக் கால்வலி மறந்துபோயிற்று. குதிரை வண்டியில் ஏறிக்கொண்டு விடியற்காலையிலேயே கற்களைப் பார்க்கப் போனான். ஒரு சால் உள்ளே வந்தவனையும் விடவில்லை, ஒரு மாட்டை வெளியே விட்டவனையும் விடவில்லை.

அடுத்த தேர்தலில் திபோர் நின்றாள். வடக்கே கிணற்றடிகளில் பெயர் எழுதிக்கொண்டவர்கள் மந்தையோடு தெற்கே வந்திருந்தார்கள். வாக்குச்சாவடிகளில் உழவர் வரிசையோடு நீளத் தொப்பிக்காரர்களும், வெள்ளிக் காதணிப் பெண்களும் கலந்து நின்றார்கள். வரிசையிலேயே, 'அடிமை முன்னால போகலாமா, எசமான் முன்னால போகலாமா' என்று வம்பு நடந்தது. திபோர் நல்ல வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

சில வாரங்கள் கழித்து டக்கரிலிருந்து தொலைபேசி வந்தது. புதிய அரசில் அவளுக்கு இடம் இருக்கிறது, சுற்றுலா அல்லது கைவினை என்றார்கள். கால்நடை கொடுத்தால் வருகிறேன், நாடு முழுவதும் இந்தப் பாதைகளுக்குச் சட்டம் கொண்டுவர விட்டால் வருகிறேன், இல்லையென்றால் எனக்கு இங்கே வேலை இருக்கிறது என்றாள். யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். நான்கு நாள் யோசித்தார்கள். ஐந்தாம் நாள் ஒப்புக்கொண்டார்கள்.

சட்டம் நிறைவேற இரண்டு வருடமானது. அதில் பாதி நேரம் நாடாளுமன்றத்தில் போயிற்று. மீதி நேரம், ஊர் ஊராகக் கற்களுக்குக் குழி தோண்டும் இடத்தில் நின்று, கோபக்காரர்களிடம் பேசுவதில் போயிற்று. பேச்சு முற்றிப்போகும் இடங்களுக்கு அவள் வாலியை அழைத்துக்கொண்டு போனாள். அவன் உழவர்களிடம் தங்கையைத் திட்டிக்கொண்டே பேச ஆரம்பிப்பான். அவள் அமைச்சர் என்பதை மறந்து ஜனங்கள் அவனோடு சேர்ந்து திட்டுவார்கள். திட்டித் தீர்த்த களைப்பில் தேநீர் வரும். மூன்றாம் கோப்பை ஊற்றும்போது, குழியை எங்கே தோண்டுவது என்று அவர்களே காட்டியிருப்பார்கள்.

சட்டம் வந்த வருடத்து முதல் மழைக்கு, திபோர் காரை மரத்தடியில் நிறுத்திவிட்டு தியாரிக் வளைவில் நின்றாள். முதல் மந்தை புழுதியோடும் மணியோசையோடும் வந்தது. இரண்டு பக்கமும் இளம்கம்பு காற்றில் அசைந்தது. ஒரு மாடும் அதில் வாய் வைக்கவில்லை. வாலி பாதை ஓரத்தில் நின்று, ஒதுங்கி நடந்த ஒரு கிடாரியை யாருடையது என்று கத்திக் கேட்டுக்கொண்டிருந்தான். அது அவனுடையதுதான். திபோர் கோலை எடுத்து அதைப் பாதைக்குள் திருப்பிவிட்டு, மந்தையோடு கொஞ்ச தூரம் நடந்தாள்.